தாய்க்கப்பல் அம்பா
(ஆரணியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆரணியிலிருந்து கடல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. நமக்கு ஆறு என்றால் கமண்டல நாகநதிதான். அதிலும் தண்ணீர் ஓடுகிற நாட்கள் குறைவு. இப்படிப்பட்ட ஊரில் போர்க்கப்பலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பேசலாம். பழைய வடாற்காடு மாவட்டம் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய மாவட்டம். வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டைக்குப் பட்டாளத்து ஊர் என்றே பெயர். அரக்கோணத்தில் 1992 முதல் கடற்படையின் விமானத் தளம் ராஜாளி இயங்குகிறது. ஆனால் இந்தக் கதையை இந்த ஊரில் சொல்ல நான் ஆசைப்பட்டதற்குக் காரணம் வேறு.

உங்கள் தறிகளில் நெய்த ஒரு முகூர்த்தப் புடவையைக் கையில் எடுத்தவர்கள், யார் நெய்தது என்று கேட்பார்கள். கோறாப் பட்டை முறுக்கேற்றியவர், சாயம் போட்டவர், பாவு ஓட்டியவர், பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்தவர், ஜக்கார்டுக்கு அட்டை குத்தியவர், திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றிக் கொடுத்த அம்மா, இவர்களை யாரும் கேட்பதில்லை. இவர்களில் ஒருவர் கை நின்றாலும் தறியில் நாடா ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும். இத்தனை பேரையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்து, அந்தக் கூரையையே கடலில் மிதக்கவிட்டால் எப்படி இருக்கும்? கடற்படையில் அதற்குத் தாய்க்கப்பல் என்று பெயர். இந்தியாவுக்கு அப்படி ஒரு கப்பல் இருந்தது. அதன் பெயர் ஐஎன்எஸ் அம்பா. 1968 டிசம்பரில் பணியில் சேர்ந்து, 2006-இல் ஓய்வு பெற்றது. முப்பத்தெட்டு ஆண்டு உழைப்பு. அதைப் பற்றித் தமிழில் ஒரு முழுக் கட்டுரையைக்கூட நான் பார்த்ததில்லை. அந்த மனக்குறைதான் என்னை இந்த மேடைக்கு அழைத்து வந்திருக்கிறது.

முதலில், தாய்க்கப்பல் என்ற ஏற்பாடே ஏன் வந்தது என்று பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டார்பிடோ வந்தது. ஒரு சிறு படகு, பெரிய போர்க்கப்பலை ஒரே அடியில் மூழ்கடிக்கலாம் என்ற நிலை வந்தது. ஆனால் அந்தச் சிறு படகில் இடம் எங்கே? எந்திரமும் டார்பிடோவும் போக, மாலுமி கால் நீட்டிப் படுக்கவே இடமில்லை. உதிரிப் பாகம் வைக்க இடமில்லை, பட்டறைக்கு இடமில்லை, நல்ல தண்ணீருக்கும் இடமில்லை. ஆகவே கூடவே ஒரு பெரிய கப்பல் போக வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் கடற்படை 1878-இல் ஒரு வணிகக் கப்பலை வாங்கி, ஹெக்லா என்று பெயரிட்டு, இந்த வேலைக்கு மாற்றியது. 1889-இல் வல்கன் என்ற கப்பலை இதற்கென்றே கட்டி வெள்ளோட்டம் விட்டது. டார்பிடோப் படகுகளை வேட்டையாட நாசகாரிக் கப்பல்கள் வந்தன. அவற்றுக்கும் இடப் பஞ்சம்தான். நீர்மூழ்கி வந்தபோது பஞ்சம் இன்னும் கடுமையானது. நாசகாரிக்கு ஒரு தாய், நீர்மூழ்கிக்கு ஒரு தாய் என்று பெரிய கடற்படைகள் எல்லாம் கட்டத் தொடங்கின.

இந்தத் துணை இல்லாத கப்பல் என்ன பாடுபடும் என்பதற்கு நமக்குத் தெரிந்த சாட்சி ஒன்று உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைச் சொல்கிறேன். அந்தத் துணிச்சலை நம் தாத்தாக்கள் காலத்திலிருந்து பேசுகிறோம். அதற்குப் பிறகு எம்டன் பட்ட அவதியை யாரும் பேசுவதில்லை. அது சுற்றிய கடற்பகுதியில் அதற்குச் சொந்தமான ஒரு துறைமுகம்கூட இல்லை. பெரும்பாலும் பிடித்த கப்பல்களின் நிலக்கரியை நம்பித்தான் ஓடியது. அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டி வேகம் குறைந்தது. அக்டோபரில் டியாகோ கார்சியா தீவுக்குப் போய், மாலுமிகளே கப்பலைச் சாய்த்துவைத்துச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். போர் தொடங்கியிருந்த செய்தி அந்தத் தீவுக்கு எட்டாததால்தான் அது நடந்தது. அடுத்த மாதமே கோகோஸ் தீவுக்கு அருகில் எம்டனின் கதை முடிந்தது. வீரத்துக்குக் குறைவில்லை, ஆனால் திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொள்ள அதற்கு ஓரிடம் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் இந்த ஏற்பாடு உச்சத்துக்குப் போனது. அமெரிக்காவின் டிக்ஸி என்ற கப்பல், நாசகாரிகளுக்கான தாய்க்கப்பல். 1940-இல் பணியில் சேர்ந்தது. பசிபிக் போர் நகர நகர அதுவும் நகர்ந்தது: நூமியா, எஸ்பிரிட்டு சாண்டோ, சாலமன் தீவுகள், மானுஸ், உலித்தி. உலித்தி ஒரு பவளத் தீவுக் கூட்டம். அங்கே நகரம் கிடையாது, துறைமுகம் கிடையாது, உலர்துறை கிடையாது. 1944-இல் அந்தக் காயலுக்குள் தாய்க்கப்பல்களையும் எண்ணெய்க் கப்பல்களையும் மிதக்கும் உலர்துறைகளையும் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சில வாரங்களில் உலகின் மிகப் பெரிய கடற்படைத் தளங்களில் ஒன்றாக அது மாறியது. நாசகாரிகள் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் பயணம். அந்த வாரங்களைத்தான் டிக்ஸி போன்ற கப்பல்கள் மிச்சப்படுத்திக் கொடுத்தன. கொரியப் போரில் அதே டிக்ஸி ஜப்பானின் சசேபோவில் நின்றது. வியட்நாம் போர்க் காலத்தில் பிலிப்பைன்சின் சூபிக் வளைகுடாவில் நின்றது. 1982-இல் ஓய்வு பெற்றபோது, பணியில் இருந்த கப்பல்களிலேயே மூத்தது என்ற மரியாதை அதற்கு இருந்தது. அது பழுது பார்த்து அனுப்பிய நாசகாரிகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே உடைப்பு முற்றத்துக்குப் போய்விட்டன.

நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. பழுது பார்ப்பதற்காகத் துறைமுகத்தில் இருந்த டெனெடோஸ் என்ற நாசகாரி அங்கேயே மூழ்கியது. லூசியா என்ற நீர்மூழ்கித் தாய்க்கப்பல் குண்டடி பட்டும் தப்பியது. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையும் தாக்கப்பட்டது. பிரிட்டனின் கிழக்குக் கடற்படை ஆப்பிரிக்கக் கரையில் கிலிண்டினி வரை பின்வாங்கியது. கரையில் கட்டிய பட்டறையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, தாய்க்கப்பலை ஓட்டிக்கொண்டு போகலாம். பிறகு கடற்படை திரும்பி வந்தபோது பட்டறையும் கூடவே திரும்பி வந்தது.

அப்படித் திருகோணமலைக்கு வந்தவற்றில் ஒன்று அடமன்ட். அதன் அரவணைப்பில் இருந்த நீர்மூழ்கிகளில் டாலி ஹோ பெயர் பெற்றது. 1944 ஜனவரி 11 அன்று பினாங்குக்கு அப்பால் ஜப்பானியப் போர்க்கப்பல் குமாவை அது மூழ்கடித்தது. அடுத்த மாதம் மலாக்கா நீரிணையில், இருட்டில், ஒரு ஜப்பானிய டார்பிடோப் படகு அதை உரசிக்கொண்டு போனது. படகின் சுழலிகள் டாலி ஹோவின் இடப்பக்க நீர்த்தொட்டிகளை வரிசையாகக் கிழித்துவிட்டன. ஒரு பக்கம் சாய்ந்தபடியே வங்காள விரிகுடாவைக் கடந்து அது திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது. குமாவை மூழ்கடித்த கதை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கிழிந்த இரும்போடு வந்த கப்பலை வாங்கிக்கொண்ட வெல்டர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாசகாரிகளுக்கென்றே கட்டப்பட்ட ஊல்விச் என்ற தாய்க்கப்பலும் அந்த ஆண்டுகளில் இந்தியப் பெருங்கடலில் உழைத்தது. தமிழ் பேசும் கரைகளுக்கு இந்தக் கப்பல்கள் அந்நியமானவை அல்ல என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

இனி அம்பா. சுதந்திர இந்தியாவிடம் நீர்மூழ்கியே இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் நம் அதிகாரிகளும் மாலுமிகளும் பிரிட்டனில் பயிற்சி பெற்றார்கள். அங்கேயே வாங்கிவிடலாம் என்பது அன்றைய எண்ணம். பேச்சு விலையிலும் கடனிலும் வந்து முட்டி நின்றது. சோவியத் ஒன்றியம் கை கொடுத்தது. 1965-இல் கையெழுத்தான உடன்பாட்டில் நான்கு நீர்மூழ்கிகள் இருந்தன. அவற்றோடு ஒரு தாய்க்கப்பலும் சேர்க்கப்பட்டிருந்தது. பணம் போதாத ஒரு நாடு, சண்டை போடாத ஒரு கப்பலுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கியது பெரிய விஷயம். இன்னொரு நீர்மூழ்கி வாங்கியிருந்தால் அணிவகுப்பில் எண்ணிக்கை கூடியிருக்கும். அன்றைக்கு முடிவெடுத்தவர்கள் எண்ணிக்கையை மட்டும் பார்க்கவில்லை. நம் பாதுகாப்பு வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் முடிவுகளில் இது ஒன்று.

முதல் நீர்மூழ்கி கல்வரி 1967 டிசம்பர் 8 அன்று பால்டிக் கரையில் ரீகா துறைமுகத்தில் இந்தியக் கொடியை ஏற்றியது. அந்த நாள்தான் இன்றும் கடற்படையின் நீர்மூழ்கி நாள். கல்வரியின் முதல் தளபதி கே.எஸ். சுப்பிரமணியன். அந்த ஆண்டு ஜூனிலிருந்து சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்தது. ஆகவே கல்வரி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு 1968 ஜூலையில் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தது. கந்தேரி, கரஞ்ச், குர்சுரா ஆகிய மூன்றும் 1969 முடிவதற்குள் கொடியேற்றிக்கொண்டன. அம்பா கட்டப்பட்டது கருங்கடல் கரையில், இன்றைய உக்ரைனில் இருக்கும் நிகோலாயெவ் நகரில். சோவியத் கடற்படை தனக்காகக் கட்டிய உக்ரா வகைக் கப்பல்களின் உடன்பிறப்பு அது. நீளம் ஏறத்தாழ 140 மீட்டர். முழுச் சுமையோடு 9,000 டன்னுக்கு மேல். 76 மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கு இருந்தன. அவை தற்காப்புக்கு மட்டும். அதன் உண்மையான பலம் தளத்துக்குக் கீழே இருந்தது.

கீழே என்ன இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் நீர்மூழ்கிக்குள் போக வேண்டும். விசாகப்பட்டினத்தின் ராமகிருஷ்ணா கடற்கரையில் குர்சுராவை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நானும் அதற்குள் போய் வந்தேன். தொண்ணூறு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். ஏறத்தாழ 75 பேர். குனிந்து, உடலைச் சுருக்கி, வட்டக் கதவுகளில் காலை முதலில் விட்டு நுழைய வேண்டும். டார்பிடோவுக்குப் பக்கத்தில் படுக்கை. குளிர்ந்த வட கடலுக்காக வடிவமைத்த கலம் அது. நம் கடலின் வெயிலில் உள்ளே எப்படிப் புழுங்கியிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். குளியல் என்பது கனவு. வாரக்கணக்கில் அப்படி இருந்துவிட்டுக் கரைக்கு வரும் 75 பேருக்கு முதலில் தேவைப்படுவது என்ன? ஒரு வாளித் தண்ணீர், சுடச்சுடச் சாப்பாடு, கை கால் நீட்டிப் படுக்க ஒரு கட்டில், காதில் விழுந்துகொண்டே இருந்த டீசல் இரைச்சல் இல்லாத ஓர் இரவு. தாய்க்கப்பல் இதை எல்லாம் கொடுத்தது. தன் மாலுமிகளைத் தவிர நீர்மூழ்கிக்காரர்கள் நூற்றுக்கணக்கானோர் தங்க அதில் இடம் இருந்தது. மருத்துவர் இருந்தார். சலவையும் சமையற்கட்டும் இருந்தன.

அடுத்தது பேட்டரி. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீர்மூழ்கியின் உயிர் இதில்தான் இருக்கிறது. கடலுக்கு மேலே டீசல் எந்திரம் ஓடும். அதற்குக் காற்று வேண்டும். கடலுக்கு அடியில் காற்று ஏது? ஆகவே மின்சாரம். குர்சுரா வகை நீர்மூழ்கியில் 400-க்கும் மேற்பட்ட ஈய-அமில மின்கலங்கள் தரைக்கு அடியில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் பல நூறு கிலோ எடை. வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுகிறீர்கள் அல்லவா? அதே வேலைதான், 400 மடங்கு. ஒவ்வொரு கலத்திலும் அமிலத்தின் அடர்த்தியை அளக்க வேண்டும். நீர் ஊற்ற வேண்டும். இறந்த கலத்தைக் கழற்றி மாற்ற வேண்டும். மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். இது பழங்கதை இல்லை: 2010-இல் சிந்துரக்ஷக் நீர்மூழ்கியின் பேட்டரி அறையில் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்து ஒரு மாலுமி உயிரிழந்தார். அம்பா தன் மின்னாக்கிகளால் பக்கத்தில் கட்டிய நீர்மூழ்கிக்கு மின்னேற்றும், தன் காய்ச்சி வடிக்கும் எந்திரத்தில் தூய நீர் எடுத்துக் கொடுக்கும், தன் பேட்டரி ஆட்களை இறக்கிவிடும். அவர்கள் அமிலம் தெறித்த சட்டையோடு குனிந்தே வேலை பார்ப்பார்கள்.

டார்பிடோவும் அப்படித்தான். அதைக் குழாயில் ஏற்றிச் சுட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். ஒவ்வொரு டார்பிடோவும் ஒரு குட்டி நீர்மூழ்கி. அதற்கு எந்திரம் உண்டு, திசை காட்டும் சுழல்மானி உண்டு, ஆழத்தைப் பிடிக்கும் கருவி உண்டு. மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்தால் இவை சோம்பிப்போகும். கழற்றிச் சுத்தம் செய்து, சோதித்து, அழுத்தக் காற்று நிரப்பி, கிரேனால் தூக்கி, சாய்வான திறப்பு வழியாக மெல்ல இறக்க வேண்டும். இரண்டு கப்பலும் அலையில் ஆடிக்கொண்டிருக்கும்போது இது நடக்கும். கிரேன் ஓட்டுபவரின் கை சற்று நடுங்கினாலும் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு பெரிஸ்கோப். பல மீட்டர் நீளக் குழாய்க்குள் கண்ணாடி வில்லைகள் வரிசையாக இருக்கும். ஈரம் புகுந்தால் தளபதிக்குக் கண் மறைந்துவிடும். அதைக் கழற்றி உலர்த்திப் பூட்டத் தனிக் கைத்திறன் வேண்டும். இவற்றோடு லேத் பட்டறை, வார்ப்படம், வெல்டிங், குழாய் வேலை, வானொலிப் பழுது. சோவியத் உதிரிப் பாகம் கேட்டு எழுதினால் பதில் வர மாதங்கள் ஆகும். அதற்குள் நம் ஆட்கள் பழைய பாகத்தை அளந்து, இரும்பைக் கடைந்து, புதிதாக ஒன்றைச் செய்தே மாட்டிவிடுவார்கள். ஆவணங்கள் எல்லாம் ரஷ்ய மொழியில். அளவைப் படிக்கவே மொழி கற்க வேண்டியிருந்தது. நம் கடற்படைக்கு நீர்மூழ்கிப் பழுதுபார்ப்பு என்ற கல்வியின் தொடக்கப் பள்ளியாக இருந்தது அம்பாதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். எழுபதுகளில் பெரிய பழுதுபார்ப்புக்கு நம் நீர்மூழ்கிகள் பசிபிக் கரையில் விளாதிவஸ்தோக் வரை போக வேண்டியிருந்தது. பிறகுதான் அந்த வேலையும் விசாகப்பட்டினத்துக்கு வந்தது.

1971 போர். அப்போது இந்தியாவிடம் நான்கு நீர்மூழ்கிகள். கரஞ்சும் குர்சுராவும் அரபிக் கடலில் சுற்றின. கந்தேரி வங்கக் கடலில் இருந்தது. அந்தப் போரின் நீர்மூழ்கிக் கதை என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது காஸி. அமெரிக்காவிடமிருந்து பாகிஸ்தான் பெற்ற பழைய நீர்மூழ்கி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கட்டியது. விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி அது நவம்பர் நடுவில் கராச்சியிலிருந்து புறப்பட்டு, இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்கக் கடலுக்குள் வந்தது. விக்ராந்த் அந்தமானில் மறைந்திருக்க, காஸி சென்னைக்கு அப்பாலும் பிறகு விசாகப்பட்டினத்துக்கு அப்பாலும் தேடியது என்று இந்தியக் கடற்படை வரலாறுகள் சொல்கின்றன. டிசம்பர் 3-4 நள்ளிரவில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே அது வெடித்து, தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. காரணத்தைப் பற்றி இன்றும் மூன்று கருத்துகள் உண்டு: ராஜ்புத் என்ற நம் நாசகாரி போட்ட ஆழ்கடல் குண்டு, தான் விதைத்த கண்ணிவெடியே தன்னைத் தாக்கியது, உள்ளே பேட்டரியின் ஹைட்ரஜன் வெடித்தது.

எது உண்மை என்பதைவிட என் மனத்தை அதிகமாக உறுத்துவது வேறு ஒன்று. காஸிக்கு வங்கக் கடல் பக்கம் தாய்க்கப்பல் இல்லை; நீர்மூழ்கியைப் பராமரிக்கத் தகுந்த தளமும் இல்லை. வயதான கலம், நெடுந்தூரப் பயணம், வாரக்கணக்கில் கடலில். ஒரு வால்வு கெட்டாலும் திரும்பிப் போக வேண்டிய இடம் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால். அதே வேளையில் விசாகப்பட்டினம் நம் நீர்மூழ்கிகளின் சொந்த வீடு. கரையில் அவற்றுக்கென வீர்பாகு என்ற தளம் அந்த ஆண்டு மே மாதம்தான் பிறந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த வீட்டின் பெரும்பாரத்தைத் தாங்கியது அம்பா. காஸியோடு போனவர்கள் எதிரி நாட்டு மாலுமிகள்தான். ஆனாலும் தனியாக அனுப்பப்பட்ட அந்த மனிதர்களை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

போருக்குப் பிறகு 1973, 74-இல் வேலா, வாகிர், வாக்லி, வாக்ஷீர் என்று இன்னும் நான்கு நீர்மூழ்கிகள் வந்தன. எண்பதுகளின் பிற்பாதியில் சிந்துகோஷ் வகையும் ஜெர்மன் வடிவமைப்பில் சிஷுமார் வகையும் சேர்ந்தன. கரையில் பட்டறைகள் வளர்ந்தன, சாதவாகனா பயிற்சிப் பள்ளி வந்தது, கப்பல்கட்டுத் தளம் பெரிதானது. பிள்ளைகள் வளர்ந்தபின் தாயின் வேலை குறைவதில் வியப்பில்லை. 2006-இல் அம்பா கொடியை இறக்கியது. அதன் இடத்துக்கு இன்னொரு நீர்மூழ்கித் தாய்க்கப்பல் வரவில்லை.

உலகெங்கும் இதுதான் நடந்தது. அமெரிக்கா தன் கடைசி நாசகாரித் தாய்க்கப்பலை 1996-இல் ஓய்வுக்கு அனுப்பியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1987 மே மாதம், பாரசீக வளைகுடாவில் ஸ்டார்க் என்ற போர்க்கப்பலை ஈராக்கிய ஏவுகணைகள் தாக்கி 37 மாலுமிகள் இறந்தார்கள். பஹ்ரைனில் அகேடியா என்ற நாசகாரித் தாய்க்கப்பல் அதன் பக்கத்தில் நின்று, கிழிந்த உடலை ஒட்டுப்போட்டு, சொந்த எந்திரத்தில் ஊர் திரும்பும் அளவுக்குத் தேற்றி அனுப்பியது. அப்படிப்பட்ட கப்பல்களை ஏன் கைவிட்டார்கள்? செலவு ஒரு காரணம். நட்பு நாடுகளின் துறைமுகங்கள் இன்னொரு காரணம். அந்தத் துறைமுகங்களில் ஒன்று இப்போது நம் கரையில் இருக்கிறது: 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்ல்ஸ் ட்ரூ என்ற சரக்குக் கப்பல் பழுதுபார்ப்புக்காகச் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கப்பல்கட்டுத் தளத்துக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுது பார்க்கப்பட்டது அதுதான் முதல் முறை. இதில் பெருமைப்பட இடம் உண்டு. ஆனால் துறைமுகம் இருக்கும் இடம் எதிரிக்கும் தெரியும். கொழும்பில் டெனெடோஸ் மூழ்கியதை மறந்துவிட்டு, கரைப் பட்டறை ஒன்றே போதும் என்று இருந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. அமெரிக்காவே நீர்மூழ்கிகளுக்கான இரண்டு தாய்க்கப்பல்களை, எமரி லேண்ட், ஃபிராங்க் கேபிள் ஆகியவற்றை, இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. அவை பசிபிக் கடலின் குவாம் தீவைத் தளமாகக் கொண்டவை. நம் கடற்படை அந்தமானுக்கு அப்பாலும் நெடுநாள் இயங்க நினைத்தால் அம்பாவைப் போன்ற ஒன்று மீண்டும் தேவைப்படும். 2025 ஜூலையில் நிஸ்தார் என்ற புதிய முக்குளிப்புத் துணைக்கப்பல், விசாகப்பட்டினத்திலேயே கட்டப்பட்டு, பணியில் சேர்ந்திருக்கிறது. ஆபத்தில் சிக்கிய நீர்மூழ்கியை மீட்பது அதன் வேலை. அன்றாடம் பேணுவது வேறு வேலை. அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

நினைவு வைப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குர்சுராவுக்குக் கடற்கரையில் இடம் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள், நல்லது. வாக்லி 2010-இல் ஓய்வு பெற்றபின், மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு திட்டமிட்டு, அது சென்னைத் துறைமுகம் வரை இழுத்துவரப்பட்டது. திட்டம் நிறைவேறவில்லை. ஆரணியிலிருந்து ஒரே நாளில் போய்ப் பார்த்து வரக்கூடிய தூரத்தில் நமக்கொரு நீர்மூழ்கி இருந்திருக்கும், கைநழுவிப் போனது. அம்பாவுக்கோ அப்படி ஒரு பேச்சுக்கூட எழவில்லை. ஒரு முழுக் கப்பலை நிறுத்திவைக்க இடமும் பணமும் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதன் பட்டறையில் ஒரு லேத், ஒரு பேட்டரி மேசை, அதில் வேலை பார்த்தவர்களின் பெயர்ப் பட்டியல், இவற்றுக்கு ஓர் அறை போதுமே. அம்பாவில் பணிபுரிந்தவர்கள் பலர் இப்போது எழுபது வயதைக் கடந்திருப்பார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க நமக்கு இருக்கும் காலம் குறைவு. இந்த மாவட்டத்திலும் சுற்றுவட்டத்திலும் கடற்படையில் எந்திரப் பிரிவிலோ மின்பிரிவிலோ இருந்து ஓய்வு பெற்றவர்கள் உங்கள் தெருவில் இருக்கலாம். அந்த அண்ணனிடம், அந்தத் தாத்தாவிடம், எந்தக் கப்பல் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அங்கே என்ன வேலை பார்த்தீர்கள், எந்தக் கருவியைக் கையில் பிடித்தீர்கள், எது கெட்டுப்போனது, எப்படிச் சரி செய்தீர்கள் என்று கேளுங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள்.

ஐடிஐ-யில் படிக்கும் தம்பி தங்கைகளுக்காகக் கடைசியாக ஒரு செய்தி. நீர்மூழ்கிகளோடு பேசுவதற்கான கடற்படையின் வானொலி நிலையம் நம் தமிழ்நாட்டில்தான், திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், 1990 முதல் கட்டபொம்மன் என்ற பெயரில் இயங்குகிறது. விசாகப்பட்டினம் கடற்படைக் கப்பல்கட்டுத் தளத்தில் தொழிற்பழகுநர் பள்ளி இருக்கிறது. ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட் படித்தவர்களைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். எழுத்துத் தேர்வில் கணக்கும் அறிவியலும் கேட்பார்கள். பத்தாம் வகுப்புப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் படித்தாலே பெரும்பாதி வந்துவிடும். விண்ணப்பம் எழுதுவதில் உதவி வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். மற்றவர்கள் இப்போது கேள்வி கேட்கலாம்.